ஒரே வேட்பாளர், இரண்டு துண்டறிக்கைகள்

கடந்த சட்டமன்றத் தேர்தலின்போது எங்கள் குடியிருப்பின் கதவிடுக்குகளில் நாலு பக்கத் துண்டறிக்கை ஒன்றைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். மேலே வேட்பாளரின் சிரித்த முகம். கீழே, 'தொகுதியின் முக்கியப் பிரச்சினைகளில் என் நிலைப்பாடு'.

பம்மல் பக்கம் தனியார் பள்ளியொன்றில் இருபது வருடமாக எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். எதைப் படித்தாலும் வினைமுற்றுகளைத்தான் முதலில் பார்ப்பேன். குடிநீர்: 'நடவடிக்கை எடுக்கப்படும்'. மழைநீர் வடிகால்: 'பரிசீலிக்கப்படும்'. மெட்ரோ ரயில்: 'வலியுறுத்தப்படும்'. இப்படி எல்லாமே நழுவிக்கொண்டிருந்தபோது ஒரு வரி மட்டும் அழுத்தமாக நின்றது. 'அடையாற்றங்கரை ஆக்கிரமிப்புகள் முழுவதுமாக அகற்றப்படும்.' இதில் மட்டும் இவருக்கு எங்கிருந்து இவ்வளவு தைரியம் வந்தது என்று சந்தேகம் தட்டியது.

மறுநாள் பள்ளியில் ஆயம்மா வேலை பார்க்கும் அக்காவிடம் அதைக் காட்டினேன். அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டிய சந்தில் அவருக்கு வீடு. இரண்டு முறை படித்தார்.

"இன்னா டீச்சர் இது? எங்களாண்ட குட்த்ததுல வேற மாரி போட்டுகீதே."

அடுத்த நாள் அவருடையதைக் கொண்டுவந்தார். அதே முகம், அதே சிரிப்பு, அதே நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் மட்டும், 'ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் ஒரு செங்கல்லைக்கூடத் தொட விடமாட்டேன். அனைவருக்கும் பட்டா.'

சாப்பாட்டு அறை மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "ரெண்டுல ஒண்ணு பொய்யி. நம்ம ரெண்டு பேர்ல யாராண்ட சொன்னான்னுதான் தெர்ல" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் நலச்சங்கக் கூடத்துக்கு வேட்பாளர் வந்தார். பூங்கொத்து, காபி, முறுக்கு எல்லாம் முடிந்து கேள்வி நேரம் வந்தபோது நான் எழுந்து இரண்டு துண்டறிக்கைகளையும் அவரிடம் நீட்டினேன்.

"சார், இதுல எது உங்க நிலைப்பாடு?"

அவர் தடுமாறவே இல்லை. "ரெண்டுமே என்னோடதுதான் மேடம். ஆக்கிரமிப்புன்னு நான் சொல்றது பெரிய பெரிய கம்பெனிங்க வளைச்சுப் போட்டத. ஏழைங்க வீட்ட நான் எப்படிங்க ஆக்கிரமிப்புன்னு சொல்வேன்?"

கூட்டம் கைதட்டியது. எனக்கும் ஒரு கணம் கை எழும்பியது.

"அப்ப அதையே இந்த நோட்டீஸ்லயும் தெளிவாப் போட்டுடலாமே சார்?"

"கண்டிப்பா" என்று சொல்லி, பின்னால் நின்றவரிடம், "நோட் பண்ணிக்கப்பா" என்றார். அந்த ஆளிடம் பேனாவும் இல்லை, காகிதமும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

வண்டிகள் கிளம்பிப் போனதும் சங்கச் செயலாளர் என்னிடம் வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"மேடம், அந்த வரிய அவரா எழுதல. நம்ம அசோசியேஷன் குடுத்த மனுவுலேருந்து எடுத்தது. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

நம்பவில்லை. காட்டச் சொன்னேன். அலுவலக அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்தார். வெள்ளம் வந்து எங்கள் தரைத்தளம் முழுக்கச் சேறான வருடம் கொடுத்த மனு. 'கரையோரக் குடிசைகள், வீடுகள் உட்பட அனைத்தையும் அகற்றி ஆற்றை மீட்டுத் தர வேண்டும்.' பதினொன்றாவது இடத்தில் என் கையெழுத்து, வீட்டு எண்ணோடு. நனைந்த மெத்தையை மாடிக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் யாரோ பேனாவை நீட்டியது நினைவுக்கு வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கக்கூட இல்லை. ஊரார் வினைமுற்றையெல்லாம் சந்தேகப்பட்டவள், அன்று என் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டு நாள் அக்காவின் கண்ணில் படாமல் திரிந்தேன். மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன். துடைத்துக்கொண்டிருந்த மேசையை அவர் நிறுத்தாமல் துடைத்தார்.

"தெரியாம போட்டீங்களா, தெரிஞ்சா?"

"படிக்கலக்கா."

"படிக்காம நீங்க ஒரு பேப்பரக்கூட வுட மாட்டீங்களே டீச்சர்."

வேட்பாளரை நான் பார்த்த பார்வையைத்தான் அவர் என்மேல் வைத்திருந்தார்.

மனுவிலிருந்து என் பெயரை நீக்கச் சொல்லி சங்கத்துக்குக் கடிதம் கொடுத்தேன். செயலாளர் அதை வாங்கி அதே கோப்பில் வைத்துக்கொண்டார். பெற்றுக்கொண்டதற்கு ஒரு வரி எழுதிக் கேட்டதற்கு, "எதுக்கு மேடம், நமக்குள்ள?" என்றார். அதற்கப்புறம் லிஃப்டில் சிலர் என்னோடு பேச்சைச் சுருக்கிக்கொண்டார்கள்.

வேட்பாளர் ஜெயித்தார். சில மாதம் கழித்து ஒரு காலையில் அக்கா என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். முந்தின நாள் அளவு நாடாவோடு வந்தவர்கள், அந்தச் சந்தில் வரிசையாக எல்லாச் சுவர்களிலும் நீலச் சாயத்தில் எண் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"பட்டாவுக்கான்னு கேட்டேன், 'ஆமாம்மா'ன்னான். பக்கத்து வூட்டுக்காரம்மா இடிக்கவான்னு கேட்டுச்சு, அதுக்கும் 'ஆமாம்மா'ன்னுட்டுப் பூட்டான்."

பள்ளிக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு இருவரும் தாலுகா அலுவலகம் போனோம். ஜன்னலில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, "சர்வே நடக்குது, அவ்ளோதான்" என்றார். எதற்கான சர்வே என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து நான் மனு எழுதினேன். எழுதி முடித்து நீட்டினேன். அக்கா உடனே கையெழுத்துப் போடவில்லை. முதல் வரியிலிருந்து விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகப் படிக்கத் தொடங்கினார்.