தம்பியின் விரலில் சுற்றிய தாள்

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து, மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு, தென்னைக்குத் தண்ணீர் விடப் போனேன். எங்கள் கிணறு எனக்கும் தம்பிக்கும் பொது. ஒரு நாள் அவன் முறை, ஒரு நாள் என் முறை. அன்று என் முறை. மோட்டார் கேபிள் வெட்டப்பட்டிருந்தது. தம்பியைத் தவிர வேறு யார் செய்வார்கள்? கேபிளைச் சரிசெய்து தண்ணீர் விட்டபின், ஸ்டார்ட்டர் பெட்டிக்கு என் பூட்டைப் போட்டேன்.

மனம் பதறினால் விரல் வியர்க்கும், வியர்த்த தோலில் மின்சாரம் எளிதாக ஓடும் என்று படித்திருந்தேன். பேட்டரி, பழைய மீட்டர், இரண்டு துண்டு அலுமினியத் தாள். மாலைக்குள் பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி தயார்.

பூட்டைத் திறக்கச் சொல்லித் தம்பி வந்தான். “முதல்ல விரலை நீட்டு” என்று அவன் விரல்களில் தாளைச் சுற்றினேன். “கேபிளை வெட்டினது நீதான?”

“இல்லீங்க.”

மீட்டர் முள் எகிறியது.

“பாத்தியாடா, திருட்டுப்பயலே!”

அவன் தாள்களைக் கழற்றி என் விரல்களில் சுற்றினான். “ஏனுங்கண்ணா, கேபிளை வெட்டினது நீங்கதானுங்களா?”

“நானாடா?”

முள் கடைசிக் கோட்டில் போய் இடித்தது.

“அப்ப நீங்களே வெட்டிப்போட்டு என்னையச் சொல்றீங்களாட்ட இருக்குதுங்க” என்று சிரித்துவிட்டுப் போனான்.

நான் வெட்டவில்லை. என் விரலை வியர்க்க வைத்தது அவன்மேல் இருந்த ஆத்திரம். அவன் விரலையும் என்மேல் இருந்த ஆத்திரமே வியர்க்க வைத்திருக்கலாம்.

அவனை எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனாலும் மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பூட்டைக் கழற்றினேன். அன்று அவன் முறை.