தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால்

மூன்று வருஷம் வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே வாழ்ந்தேன். எதைச் சாப்பிட்டாலும் குடல் முறுக்கும். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தடவை வெளியே போவேன். ரத்தமும் போகும். டி.பி. என்று சொல்லி ஒரு வருஷம் மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. அறுபத்தைந்து கிலோ இருந்தவன் நாற்பத்திரண்டுக்கு இறங்கினேன். எண்பத்தைந்தில் வேலூருக்குக் கொண்டுபோனபோதுதான், இது க்ரோன்ஸ் என்கிற குடல் நோய், முழுசாக விடாது, அடக்கி வைக்கலாம் என்றார்கள். குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். பிழைத்தேன். புகழெல்லாம் அல்லாஹ்வுக்கே. ஆனால் சகோதரர்களே, நான் சொல்ல வந்தது இதைவிடப் பெரிய உதவியை.

என் பெயர் நாசர். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். நோய் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கம் சைக்கிள் என்றால் நான்தான். பெங்களூருக்கு ஒரே நாளில் மிதித்துப் போனவன். கூட முருகேசன் வருவான். விவசாயக் குடும்பம், பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதம். எப்போதும் எனக்குப் பின்னால்தான் வருவான். மேட்டில் நான் முந்திப் போய் அவனுக்காகக் காத்து நிற்பேன். அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

வேலூரில் என்னைப் பார்க்க வந்த முருகேசனிடம் டாக்டர், "இந்த நோயோட பேரே தெரியாம நெறைய பேரு செத்துப்போறாங்க" என்று சொல்லியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டான். எண்பத்தாறு தை மாசம் என் கடைக்கு வந்து நின்றான்.

"நாசரு, கன்னியாகுமரி வரைக்கும் சைக்கிள்ல போறன்டா. ஊர் ஊரா இந்த நோயப் பத்திச் சொல்லப்போறன். ஏழைங்க மருந்துக்கு உதவி கேக்கப்போறன். எல்லாம் உன்னாலதான்."

கட்டிப்பிடித்தான். எனக்கு உடம்பு எரிந்தது.

கன்னியாகுமரி நான் போக நினைத்த ஊர். நோய் என்னுடையது. வெட்டுப்பட்ட குடல் என்னுடையது. பேர் மட்டும் அவனுக்கா? டீக்கடையில் அவன் பேச்சு. பள்ளிவாசல் வாசலில்கூட அவன் பேச்சு. என்னைப் பார்த்தால், "பாவம், சாப்பிட்டீங்களா பாய்?" என்பார்கள். அவனைப் பார்த்தால் கை கொடுப்பார்கள். அவன் கெண்டைக்காலைப் பார்ப்பேன். என் காலைப் பார்ப்பேன். தொழுகையில் நின்றாலும் அந்தக் கால்தான் கண்ணில் வரும். அவனுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று அல்லாஹ்விடமே கேட்டேன். அவ்வளவு கெட்டுப்போயிருந்தேன்.

புறப்படுவதற்கு முதல்நாள் மத்தியானம் சைக்கிளை என்னிடமே கொண்டுவந்தான். "நீ பாத்தாத்தான் எனக்கு தைரியம்" என்றான். முழுசாகக் கழற்றித் துடைத்தேன். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கில், மேலே வளைவு வருகிற இடத்தில், தலைமுடி மாதிரி ஒரு விரிசல். பார்த்தேன். விரலால் தடவியும் பார்த்தேன். அதன்மேல் கிரீஸைப் பூசிவிட்டு, "எல்லாம் சரியா இருக்குது" என்றேன். வழியில் உடையட்டும், பாதியில் திரும்பி வரட்டும். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை.

மறுநாள் காலையில் மேளம், பூமாலை. சைக்கிளில் நோயைப் பற்றி எழுதின பலகை. மாலைகளில் ஒன்றைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டுப் போனான். அதுவும் எனக்குப் பிச்சை போட்ட மாதிரி இருந்தது.

மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனேன். பொறாமைக்காரர்களின் தீங்கிலிருந்து காப்பாற்று என்று தினமும் கேட்கிறவன் நான். அன்றைக்கும் வாய் தானாக அதைக் கேட்டது. அந்தப் பொறாமைக்காரன் நான்தானே? அப்போதுதான் வழி ஞாபகம் வந்தது. தருமபுரியில் பள்ளிக்கூடத்து வரவேற்பு முடிந்ததும் சேலம் ரோடு. தொப்பூர் கணவாய். லாரிகளே பிரேக் பிடிக்காமல் கவிழ்கிற இறக்கம். அங்கே ஃபோர்க் உடைந்தால் திரும்பி வரமாட்டான். பிணம்தான் வரும்.

"யா அல்லாஹ், என்னை என்ன வேணும்னாலும் செய். அவனை நிறுத்து. எப்படியாவது நிறுத்து." இதுதான் என் துஆ. வேறு வார்த்தை வரவில்லை.

பஸ் ஏறினேன். தருமபுரியில் இறங்கினால் அவன் போய் ரொம்ப நேரமாகிவிட்டது என்றார்கள். சேலம் பஸ்ஸில் ஏறினேன். ஆபரேஷன் ஆன வயிறு குலுங்கிக் குலுங்கி வலித்தது. அழுதுகொண்டே ஜன்னலில் பார்த்துக்கொண்டு போனேன். ரோட்டோரம் கூட்டம் தெரிந்தாலே உயிர் போய் வந்தது.

இறக்கம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. வாசலில் அந்தப் பலகையோடு சைக்கிள் நின்றுகொண்டிருந்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

முருகேசன் என்னைப் பார்த்துத் திகைத்தான். "நீ எங்கடா இங்க? நல்ல வேளை. இந்தம்மா பலகையப் படிச்சிட்டு என்னைப் போக வுடாம புடிச்சுக்கிட்டாங்க. அவங்க கேக்கறதுக்கு எனக்குப் பதில் தெரியல. ஒரு மணி நேரமா உக்காந்திருக்கறன். அம்மா, அந்த நோய் வந்து பொழைச்சவன் இவன்தான்."

டீக்கடை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் பொண்ணுக்கும் இதேதாங்க. சாப்பிட்டா முறுக்குது, ரத்தமாப் போவுது. டி.பி.ன்னு சொல்றாங்க, ஒண்ணும் கேக்கலைங்க. வூட்டுக்குள்ளதான் கெடக்கறா, வந்து பாருங்க."

உள்ளே பாயில் பதினேழு வயசுப் பெண். எலும்பும் தோலும். என்னையே பாயில் பார்த்த மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் வெட்கப்படாமல் பதில் சொன்னாள், எனக்கும் அதே நோய் என்பதால். வேலூரில் யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்து கிரீஸைத் துடைத்து, விரிசலை முருகேசனுக்குக் காட்டினேன். "நேத்தே பாத்தன். வேணும்னேதான் சொல்லல."

இறக்கத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ஏன்டா?"

"உன் காலு மேல பொறாமைடா."

"நீ வராம இருந்திருந்தா?" விரிசலை விரலால் தடவினான். பிறகு, "வந்துட்ட இல்ல. ஃபோர்க்க மாத்து" என்றான்.

சேலத்திலிருந்து புது ஃபோர்க் வாங்கிவந்து அங்கேயே மாட்டினேன். அதன்பிறகு கன்னியாகுமரி வரைக்கும் ஒவ்வொரு ஊருக்கும் நான் பஸ்ஸில் போனேன். அவன் மிதித்தான், நோயாளிகளோடு நான் பேசினேன். மதுரை வரைக்கும் அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசாதது நியாயம்தான்.

அந்தப் பெண்ணுக்கும் க்ரோன்ஸ்தான் என்று வேலூரில் உறுதியானது. சரியான மருந்து கிடைத்தது. இந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம். நாங்கள் இரண்டு பேரும் போய்வந்தோம்.

என் நோய் போகவில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன். மெதுவாக மறுபடி சைக்கிள் மிதிக்கிறேன். முருகேசன் மேட்டில் முந்திப் போகும்போது நெஞ்சுக்குள் இன்னும் சுருக்கென்கிறது. உடனே அவன் பேரைச் சொல்லி, அவனுக்கு இன்னும் பலம் கொடு என்று கேட்கிறேன். கேட்கக் கேட்க அடங்குகிறது.

இதைக் கேட்கும்போது உங்களுக்கும் யாரோ ஒருவர் முகம் மனசில் வந்திருக்கும். அவர் பேரைச் சொல்லி, அவருக்காக, இன்றைக்கே அல்லாஹ்விடம் கையேந்துங்கள்.