அவர் பிரித்துப்போட்ட கூடை

என் கணவர் குணமாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபையில் சொல்கிற சாட்சி என்றால் கடைசியில் படுக்கையை விட்டு எழுந்து நடந்தார், டாக்டர்களே அசந்துபோனார்கள் என்று முடியும். அப்படி முடிகிற சாட்சிகளைக் கேட்க எனக்கும் ஆசைதான். இது அப்படி முடியாது. ஆனாலும் ஆண்டவர் எனக்குச் செய்ததை வாய் திறந்து சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் போகிற தெருவில் இருக்கிறோம். என் கணவர் தேவராஜ் டெலிபோன் இலாகாவில் கேபிள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்து, அறுந்துபோன கேபிளுக்குள் இருக்கிற கலர் கலரான கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கலர் பார்த்து இணைக்கிற வேலை. மழைக்காலம் வந்தால் வீடு தங்கமாட்டார். அதிகம் பேசாத மனுஷர். கோபம் வந்தால் இரண்டு தடவை இருமுவார், அவ்வளவுதான்.

ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் ஆரம்பித்தது. கேக்குக்கு முந்திரி வாங்கி வரச் சொல்லிப் பெருங்களத்தூருக்கு அனுப்பினேன். கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, எதற்கு வந்தோம் என்றே தெரியாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அன்றைக்கு இரண்டு பேருமே சிரித்தோம். அடுத்து ஞாயிறு ஆராதனை முடிந்து கோவிலிலிருந்து வீட்டுக்கு வருகிற தெரு மறந்துபோனது. பிறகு பேரன் பெயர். அதற்குப் பிறகு நான். தாம்பரத்தில் டாக்டரிடம் காட்டினோம். நல்ல மனுஷர், மறைக்காமல் சொன்னார். இது மறதி நோய், போகப்போகக் கூடுமே தவிரக் குறையாது என்றார்.

என்னை அவர் ‘மேடம்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். டெலிபோன் ரிப்பேருக்கு வந்த இடத்தில் நான்தான் வீட்டுக்காரி என்று நினைத்துக்கொள்கிறார் போலிருக்கிறது. இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவர், “மேடம், பாத்ரூம் எந்தப் பக்கம்?” என்று மரியாதையாகக் கேட்பார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. பெரும்பாலும் பாத்ரூமைக் காட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

ஆனால் வாசல் கேட்தான் என்னை ஒழித்தது. உட்காரமாட்டார். சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிடுவார். நான் குக்கரை இறக்குவதற்குள் கேட்டைத் திறந்துகொண்டு போயிருப்பார். கேட்டால், “வீட்டுக்குப் போகணும் மேடம், நேரமாச்சு” என்பார். பூட்டிவிடுங்களேன் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்வார்கள். பூட்டினால் கம்பியைப் பிடித்துக் கை கன்றிப்போகிற அளவுக்கு உலுக்குவார். “யாராச்சும் இருக்கீங்களா?” என்று தெருவைப் பார்த்துக் கூப்பிடுவார். அந்தக் குரலை என்னால் கேட்க முடியாது. பூட்டைத் திறந்துவிட்டு, கூடவே ஏரிக்கரை வரைக்கும் நடந்து, பேசிப் பேசித் திருப்பிக் கூட்டி வருவேன். எனக்கு முழங்கால் தேய்மானம். வந்து உட்கார்ந்தால் மறுபடியும் கேட் கிறீச்சென்று சத்தம் போடும்.

ஜெபம்? சபையார் ஜெபித்தார்கள். வீட்டுக்கு வந்தார்கள், தலையில் கை வைத்தார்கள், உபவாசம் இருந்தார்கள். எல்லோருக்கும் நன்றி. ஒரு சகோதரி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “விசுவாசத்துல எங்கயோ குறை இருக்கும்மா, யோசிச்சுப் பாருங்க” என்றார். யோசித்துப் பார்க்க எனக்கு எங்கே நேரம்? அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் கேட்டின் மேல்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், நான் கண்ணை மூடி ஜெபித்தே வெகுநாள் ஆகியிருந்தது. கண்ணை மூடினால் இவர் போய்விடுவார். ஆமென் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தால் நாற்காலி காலியாக இருக்கும். கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தால் ஆண்டவர் ஏற்றுக்கொள்வாரா என்று சபைப் போதகர் ஐயரிடம் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன்.

சபையில் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் அது நடந்தது. நான் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தேன். இறங்கி வந்தால் ஆளில்லை. தெரு முனை, ஏரிக்கரை, கடைத்தெரு எல்லாம் தேடிவிட்டேன். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றுவிட்டது, அதுகூடத் தெரியவில்லை. எதிர்வீட்டுக் கஸ்தூரிதான் என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே இவர் உட்கார்ந்திருந்தார்.

ஆட்டோக்காரர் இறங்கி என்னைத் திட்டியே விட்டார். “இன்னாமா, பெரியவர இப்டியா தனியா உட்ருவீங்க? ஜிஎஸ்டி ரோட்டு நடுவுல நின்னுகினு கம்பத்தையே அண்ணாந்து பாத்துகினு கீறாரு. லாரிக்காரன் பிரேக் போட்டதால ஆச்சு. நம்ம தெருக்காரரு மூஞ்சி மாரி கீதேன்னு இட்டாந்தேன்.”

அவர் சொன்னதில் என்ன தப்பு? இவரோ ஆட்டோவிலிருந்து இறங்கி எனக்கு வணக்கம் வைத்தார். “மேலே எல்லாம் பார்த்தாச்சு மேடம். ஃபால்ட்டு கீழேதான்” என்றார்.

மகள் ஷீபா நாவலூரில் இருக்கிறாள். ஆபீஸ் முடித்து நேராக வந்தாள். அப்பாவின் கன்றிப்போன கைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “அம்மா, உன்னைக் கண்ணாடியில பாத்தியா? அப்பாவுக்கு முன்னாடி நீ போயிடுவ போல இருக்கு” என்று அழுதுவிட்டாள். கீழ்க்கட்டளைப் பக்கம் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு காப்பகம் இருக்கிறது, ஏற்கெனவே போய்ப் பேசியிருக்கிறேன், சுத்தமாக இருக்கிறது என்றாள். தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி முன்பே கூப்பிட்டிருந்தாள். ஒன்பதாவது மாடி, பால்கனி என்றதும் நான்தான் பயந்து வேண்டாம் என்றேன். இப்போது மறுக்க எனக்குத் தெம்பில்லை. பண்டிகை முடிந்த மறுநாள் திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போவது என்று முடிவானது. அவருடைய சட்டைகளை நான்தான் மடித்துப் பையில் வைத்தேன். காலர் தேய்ந்த சட்டையை வைப்பதா வேண்டாமா என்று வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரம்தான் நான் அந்த ஜெபத்தைச் செய்தேன். முழங்காலில் நிற்கவில்லை. சமையலறை வாசலில், கேட்டைப் பார்த்தபடி, கரண்டியோடு நின்றுகொண்டு செய்தேன். “ஆண்டவரே, இவரைக் குணமாக்கும் என்று கேட்க எனக்குச் சக்தி இல்லை. கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது. ஒரு மணி நேரம் தாரும். ஒரே ஒரு மணி நேரம் இவர் ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கட்டும். நான் கண்ணை மூட வேண்டும்.” இதுதான் என் ஜெபம். ஆமென்கூடச் சொன்னேனா என்று நினைவில்லை. ரசம் பொங்கிவிட்டது.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு கையால் செய்த ஏதாவது ஒன்றை ஏலத்துக்குக் கொண்டு வருவார்கள். முறுக்கு, ஊறுகாய், தலையணை உறை, குரோஷா வேலை. நான் ஒயர் கூடை கொண்டு வருவதாகப் பெண்கள் சங்கத்தில் பெயர் கொடுத்திருந்தேன். கூடை பின்ன நான் கற்றுக்கொண்டதே அறுபதைத் தாண்டிய பிறகுதான், போனில் வீடியோ பார்த்து. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்று கலர். இவருக்குக் காவல் இருந்துகொண்டே, ஒரு கண் கேட்டிலும் ஒரு கண் முடிச்சிலுமாகப் பின்னியது. என் உடம்பில் மிச்சம் இருந்த பிடிவாதம் எல்லாம் அந்தக் கூடைக்குள்தான் போயிருந்தது. வெள்ளிக்கிழமை கைப்பிடியும் போட்டு முடித்துவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் அவருக்குச் சோறு ஊட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். ஒரு நிமிஷம் என்றுதான் சாய்ந்தேன்.

விழித்தபோது வீடு அமைதியாக இருந்தது. கூடத்தில் இருந்த வெயில் போய்விட்டிருந்தது. கேட்டுக்கு ஓடினேன். கேட் சாத்தியபடி இருந்தது. திரும்பிப் பார்த்தால் கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் என் கூடை. கூடை என்று சொல்ல முடியாது. கைப்பிடி போய்விட்டது, மேலே இருந்த பாதி போய்விட்டது. பிரித்த ஒயர் சிவப்பு தனியாக, நீலம் தனியாக, வெள்ளை தனியாகச் சுருள் சுற்றி, ஒவ்வொன்றும் ஒரு துண்டு ஒயரால் கட்டி வரிசையாக வைக்கப்பட்டிருந்தது.

“மேடம், உங்க லைன் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிட்டு கிடந்தது. பாதி முடிச்சுட்டேன். மீதியையும் பார்த்துடறேன்” என்றார்.

நான் கத்தினேன். நாளைக்கு ஏலத்துக்குப் போக வேண்டிய கூடை, எத்தனை வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பின்னினேன் தெரியுமா என்று கத்தினேன். அவர் பயந்துபோய், “கம்ப்ளைன்ட் எழுதிடாதீங்க மேடம், ஆபீஸ்ல பேஜார் பண்ணுவாங்க” என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் மறுபடியும் குனிந்து அடுத்த முடிச்சைப் பிரிக்க ஆரம்பித்தார். நகத்தால் முடிச்சைத் தளர்த்தி, நுனியைப் பின்னால் தள்ளி, மெதுவாக இழுத்து. அவசரமே இல்லை. வீட்டுக்குப் போகணும் என்று ஒரு வார்த்தை இல்லை.

டீ போட எழுந்து போனேன். பாலை அடுப்பில் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் தூங்கியிருக்கிறேன். மதியச் சாப்பாட்டிலிருந்து டீ நேரம்வரை செத்தவள் மாதிரித் தூங்கியிருக்கிறேன். நான் ஒரு மணி நேரம்தான் கேட்டேன். பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, அங்கேயே நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஸ்தோத்திரம் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. கேட் சத்தமும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்கு நான் கூடை கொண்டு போகவில்லை. சங்கத்தில் கேட்டார்கள். வீட்டுக்கே வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். கஞ்சத்தனம் என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

திங்கட்கிழமை காலையில் ஷீபா காரோடு வந்தாள். அப்பா தரையில் உட்கார்ந்து அடிப்பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், “வாப்பா, லேட்டா வரியே. இந்தப் பக்கத்தைப் புடி” என்று ஒரு ஒயர் நுனியை நீட்டினார். ஆபீஸ் உடையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். அவர் சுற்றச் சுற்ற அவள் விட்டுக்கொடுத்தாள். அப்பா இவ்வளவு நேரம் தன் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். பிறகு எழுந்து வெளியே போய்க் காப்பகத்துக்குப் போன் செய்தாள். “இப்போதைக்கு வேணாம் சார், அப்புறமா சொல்றேன்” என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. பையிலிருந்த சட்டைகளை அவளே எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டுப் போனாள்.

காப்பகத்தில் விட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நாளைக்கு நானும் விட வேண்டி வரலாம். ஆனால் அன்றைக்கு விடவில்லை. இன்றைக்கும் விடவில்லை.

அதற்குப் பிறகு இன்னொரு கிறிஸ்துமஸ் வந்து போய்விட்டது. காலையில் நான் பின்னுகிறேன், மதியம் அவர் பிரிக்கிறார். ஒயர் நெளிந்து வெளுத்துப் போகும்போது தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்ப் புதுசு வாங்கி வருவேன். கஸ்தூரி வாசலிலிருந்து கிண்டல் செய்வாள், “யக்கா, இதுவரைக்கும் எத்தினி கூடை போட்டிருப்பீங்க?” என்று. ஒன்றுதான் என்பேன். சில நாள் பிரிக்க மனமில்லாமல் எழுந்து கேட்டுக்குப் போவார். அந்த நாட்கள் பழையபடி கஷ்டம்தான், அதை மறைக்கமாட்டேன். முழங்கால் வலியும் போகவில்லை. ஆனால் பெரும்பாலான மதியங்களில் நான் படுக்கிறேன். கண்ணை மூடி ஜெபிக்கிறேன். ஜெபத்தின் பாதியில் தூங்கிவிடுகிறேன். ஆண்டவர் கோபித்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பார். “கிளம்பறேன் மேடம், என் சம்சாரம் எனக்காகச் சாப்பிடாமக் காத்துக்கிட்டிருப்பா” என்பார். நான்தான் உங்கள் சம்சாரம் என்று முன்பெல்லாம் வாதாடுவேன். இப்போது வாதாடுவதில்லை. டீ குடித்துவிட்டுப் போங்கள் என்பேன். குடித்துவிட்டு, போக வேண்டும் என்பதை மறந்துவிடுவார். அந்த வீட்டில் காத்திருக்கிறவள் கொடுத்து வைத்தவள்தான். அதற்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது பெரிய ஜெபம் செய்யத் தெம்பில்லாமல் இருந்தால், சின்னதாகக் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். கரண்டியோடு நின்றுகொண்டு கேட்டாலும் ஆண்டவருக்குக் கேட்கும். கேட்கக்கூட முடியாத களைப்பு என்றால், உங்கள் வீட்டுப் பெரியவரை ஒரு மதியம் எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இவருக்கு உதவியாள் வேண்டியிருக்கிறது. ஒயர் நிறைய இருக்கிறது. உள் அறையில் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன், நீங்கள் போய்ப் படுங்கள். கேட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.