எண்ணெய் துடைத்த துணி

சீசனுக்கு வாடகைக்கு விடும் எங்கள் கொடைக்கானல் வீட்டின் பலகைத் தரையைச் சென்ற மாதம் பழுது பார்த்தோம். கான்ட்ராக்டர் ராவுத்தர் உளுத்த பலகைகளை மாற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசினார். தரை முகம் பார்க்கலாம் போல மின்னியது. எண்ணெய் துடைத்த துணிகளை வேலியில் விரித்துவிட்டு, பெருமாள்மலையிலுள்ள தம் வீட்டுக்கு மத்தியான பஸ் ஏறினார்.

பின்னாலேயே மூடுபனி இறங்கியது. பனி இறங்கினால் காயும் துணியை அள்ள இங்கே எல்லோருக்கும் கை தானாக ஓடும். வேலித் துணிகளையும் அள்ளிக் கூடையில் திணித்து, கூடத்தில் வைத்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ராவுத்தர் மூச்சிரைக்க வந்து நின்றார். "தங்கச்சி, வேலியில கெடந்த துணி எங்க?"

கூடையைத் தூக்கிப்போய் வாசலில் கொட்டினார். நடுவிலிருந்த துணிகள் புகைந்தன. ஒன்று கருகியே போயிருந்தது. ஒரு தீக்குச்சிகூட யாரும் கிழிக்கவில்லை!

"இந்த எண்ணெய்த் துணியக் குமிச்சு வச்சா தானாச் சூடேறித் தீப்பிடிச்சுக்கிரும். சொல்லாமப் போயிட்டேன். அங்க பனியப் பாத்ததும், நீங்க துணிய அள்ளியிருப்பீகளேன்னு பகீர்னுச்சு. லாரியப் பிடிச்சு ஓடியாறேன்."

வேலை முடிந்து வீடு போய்ச் சேர்ந்த மனிதர், பனியைப் பார்த்துத் திரும்பி வருவாரா? இவர் வந்தார்.

நேற்று மாடி அறைக்கும் அவரே எண்ணெய் பூசினார். மறுபடி பனி. "ஏம்மா, வேலியில துணி நனையுதே!" என்று பக்கத்து வீட்டு அக்கா கூவினார்.

"நனையட்டுங்க்கா," என்றேன்.