தாய்ப்பாம்பைத் தேடிய வீடு

அக்கா அந்த வீட்டில் இருப்பாளா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வங்காலைக்கு மாமியிடம் போய்விடுவாளா என்பது ஒரு ஜாம் போத்தலுக்குள் கிடந்தது.

போத்தலுக்குள் இருந்தது ஒரு சுருட்டைப் பாம்பு. ஒரு முழத்துக்கும் குறைவு. தலைமன்னார் வீதியோரம் அவர்கள் புதிதாகக் கட்டிய வீட்டின் குசினி வாசலில் அத்தான் அடித்தது. யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படிக்கும் நான் வருகிறேன் என்று ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருந்தார்.

"வாங்கோ, பாம்பு டொக்டர்" என்றார். பகிடி வாயில் மட்டுந்தான் இருந்தது. வளவைப் பார்த்தேன். வேலியைப் பிரித்திருந்தார், சீமெந்துக் கற்களைப் புரட்டியிருந்தார், பனையடிகளில் கிடந்த காவோலையை எரித்திருந்தார். மணல் கறுத்துக் கிடந்தது.

"இது குட்டி, தங்கச்சி. தாய் இதுக்குள்ளதான் எங்கயோ கிடக்கு."

அத்தான் ஓமானில் கட்டட வேலை செய்தவர். தலையில் வெள்ளை அடையாளத்தோடு இதே பாம்பை அங்கே கண்டிருக்கிறார். கூட வேலை செய்த ஒருவனை அது கடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அந்தப் பாம்பு இதைப்போல இரண்டு மடங்கு நீளம் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் சிக்கல்.

சுருட்டை அரபுப் பாலைவனத்திலிருந்து இந்தியா முழுக்கப் பரந்து கிடக்கிற பாம்பு. கடல் தாண்டி இலங்கைக்குள் வந்ததும் எங்களுடைய வறண்ட கரையோரத் துண்டோடு நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் பெரிது, இந்தப் பக்கம் சிறிது. ஏன் என்பது எனக்குப் பைத்தியம் பிடிக்க வைக்கிற கேள்வி. இதையெல்லாம், அவர் அடித்தது வளர்ந்த பாம்பாகவே இருக்கலாம் என்பதையும், ஃபோனிலேயே மூச்சு விடாமல் சொல்லியிருந்தேன்.

"நீ படத்தைப் பாத்துச் சொல்லுறாய். நான் கண்ணால கண்டனான்" என்றார்.

அக்கா பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. அவன் தவழப் பழகிய புதிது. தரையைப் பார்த்துத் துள்ளிக்கொண்டிருந்தான். பயந்தால் சுருட்டை செதில்களை உரசிச் சத்தம் போடும். அந்த வளவில் காற்று அடித்தால் பனையோலையும் அப்படித்தான் உரசுகிறது. ஒவ்வொரு உரசலுக்கும் அக்காவின் கை பிள்ளையை இறுக்கியது.

"உன்ர கதை பிழைச்சா ஆர் பதில் சொல்லுறது?" என்று கேட்டாள். "தாய் தேடி வராதோ?"

முழு வளர்ச்சி அடைந்ததா என்று நீளத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பாம்பைத் தகரத் தட்டில் போட்டு, முற்றத்தில் குந்தியிருந்து, வயிற்றைச் சவரப் பிளேட்டால் கீறினேன்.

உள்ளே குட்டிகள். ஒவ்வொன்றும் சுருண்டு, கண் வைத்து, தலையில் அந்த அடையாளத்தின் நிழலோடு. சுருட்டை முட்டையிடாது, குட்டி போடும்.

"அத்தான், இதுதான் தாய்" என்றேன். என் குரலில் சந்தோஷம் இருந்தது, எனக்கே கேட்டது.

அவர் மணலில் அப்படியே குந்திவிட்டார். "அப்ப நான் இவ்வளவு நாளும் என்னத்தைத் தேடினனான்?"

அக்கா தட்டுக்கு மேலே குனிந்தாள். "பிறக்கக் கிட்டவோ?"

"ஓம், கிட்டத்தான்."

"பாவம்" என்றாள். பிறகு பிள்ளையை விறாந்தையில் இறக்கினாள். அவன் விட்டால் போதுமென்று தவழ்ந்து ஓடினான். அத்தான் மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தார். "எரிக்காதேங்கோ, புதையுங்கோ" என்ற அக்கா, வேலியோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்துத் தானே குழி வெட்டினாள். மண்ணை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப தகப்பன்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிச் சொல்ல வராது. "இருக்கும். இந்த மணலிலதான். இதே அளவில."

அவள் பிள்ளையைப் பார்த்தாள், தூக்கவில்லை.

அக்கா வங்காலைக்குப் போகவில்லை. இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். வேலியும் திரும்பக் கட்டியாயிற்று. ஆனால் ஃபோனில் கதைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று "பொறு" என்பாள். அவள் குனிந்து தரையில் சின்னதாய் எதையோ உற்றுப் பார்க்கிறாள் என்று மூச்சிலேயே தெரியும். நானும் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு பொறுப்பேன்.