அப்பாவின் சவரக்கத்தியை அண்ணன் பாதுகாத்த விதம்

அப்பாவுக்குக் காதுக்குக் கீழே வெட்டு விழுந்த அன்று அண்ணனுக்குப் போன் பண்ணியது நான்தான். பண்ணாமல் இருந்திருக்கலாம். சின்ன வெட்டு. படிகாரக் கட்டியை வைத்து அழுத்தியதும் ரத்தம் நின்றுவிட்டது. ஆனால் கழுத்து நரம்புக்குப் பக்கத்தில் இருந்ததால் பயந்துவிட்டேன்.

அப்பா தேயிலைத் தோட்டமொன்றின் ஃபேக்டரியில் டீமேக்கராக வேலை பார்த்தவர். பென்ஷனுக்குப் பிறகு கெலிஓயாவில் சின்னதாக ஒரு வீடு வாங்கினார். அம்மா போனபின் அந்த வீட்டில் நானும் அவரும் மட்டும். நான் கல்யாணம் செய்யவில்லை. பக்கத்துப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றேன். அண்ணன் பல்லேகலயில் மாடி வீடு கட்டிக்கொண்டு, கண்டி டவுனில் கடை நடத்துகிறார்.

அப்பா தினமும் சவரம் செய்தது மடக்குக் கத்தியால். கறுத்த கொம்புப் பிடி, தகட்டில் ஏதோ ஒரு இங்கிலாந்து ஊரின் பெயர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போக, பங்களாவின் வேண்டாத சாமான்களைப் பின்பக்கத்தில் குவித்து எரித்தார்களாம். அந்தக் குவியலிலிருந்து அப்பா பொறுக்கியது அது. துருவேறிக் கிடந்ததைச் சாம்பலும் தேங்காயெண்ணெயும் போட்டுத் தேய்த்து, கல்லில் தீட்டி எடுத்ததாகச் சொல்வார். அதன்பிறகு ஐம்பது வருசத்துக்குக் கிட்ட, காய்ச்சல் நாட்களைத் தவிர, ஒரு காலையும் அவர் அதைத் தொடாமல் இருந்ததில்லை. துடைத்து, காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவித்தான் மடக்குவார்.

பிறகு அவருடைய கை நடுங்கத் தொடங்கியது.

வெட்டு விழுந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்பாவின் காதை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

"இத இன்னும் பாவிக்கிறீங்களா, அப்பா? இந்த மாதிரிக் கத்திய வெளிநாட்டுல கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவ தீட்டும்போதும் இரும்பு கொறையுது. நான் கொண்டுபோயி பத்திரமா வைக்கிறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அண்ணன் பக்கம் பேசினேன்.

"அதுவும் சரிதானே, அப்பா. கை வேற நடுங்குது."

பழைய வேட்டித் துண்டு ஒன்றைக் கிழித்து, கத்தியைச் சுற்றிக் கொடுத்ததும் நான்தான்.

மறுநாள் கடையில் பிளாஸ்டிக் ரேசர் வாங்கி வைத்தேன். அப்பா அதைத் தொடவே இல்லை. சந்தியில் சலூன் வைத்திருக்கும், நாங்கள் நானா என்று சொல்லும் முஸ்லிம் அண்ணரை வீட்டுக்கே கூப்பிட்டு வந்தேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பிளேட் மாற்றுகிற கத்தியை அவர் எடுத்ததும் அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வாசலில் வைத்து நானா சொன்னார்: "டீச்சர், பழைய மாதிரிக் கத்திய எங்களுக்கு இப்ப பாவிக்க ஏலா. சுகாதாரத்துக்காரங்க விடமாட்டாங்க. வீட்டுல நீங்க செய்றதுன்னா செய்யலாம். நான் காட்டித் தாறேன்."

அப்பாவுக்குத் தாடி வளர்ந்தது. காலையில் கண்ணாடி முன்னால் போய் நிற்பதை விட்டுவிட்டார். கோயிலுக்கும் போகவில்லை. யாராவது வந்தால் துண்டால் தாடையை மூடிக்கொள்வார்.

நாலைந்து மாதம் கழித்து அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். அப்பாவைப் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் வாசலிலேயே என்னிடம் முணுமுணுத்தார்: "சலூனுக்குக் கூட்டிப்போயிருக்கலாமே. சம்பந்திங்க என்னா நெனப்பாங்க?"

ஹாலில் ஷோகேஸ். அதற்குள் ஒரு சின்ன பல்பு. நீல வெல்வெட் துணியில் கத்தி பாதி திறந்தபடி கிடந்தது, புதுக் கரண்டிபோலப் பளபளத்தது. பக்கத்தில் ஒரு அட்டை. அப்பாவின் சேவையைப் பாராட்டித் துரை அன்பளிப்பாக வழங்கியது என்று அச்சடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு அண்ணன் அதை வாசித்தும் காட்டினார்.

அப்பா ஷோகேஸ் பக்கத்தில் போய் நின்றார். "அத ஒருக்கா எடுத்துத் தா" என்றார்.

"கைபட்டா கறை விழும், அப்பா. அப்புறமா பாருங்க."

அப்பா கதிரையில் வந்து உட்கார்ந்தார். சாப்பிடவில்லை. திரும்பி வரும்போது, வாடகைக்குப் பிடித்த வான் பேராதனையைத் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

"துரை எனக்கு என்னாத்தக் குடுத்தான்? குப்பையில கெடந்துச்சு. நாந்தான் எடுத்தேன். அது ஒரு வெக்கமா?"

 பிறகு அவரே, "நீ வழிச்சு விடுவியா? அந்தக் கத்தியால?" என்று கேட்டார். அவர் என்னிடம் எதையும் கேட்டு வாங்குகிறவர் அல்ல.

அடுத்த நாளே நானாவிடம் போனேன். ஊதின பலூனில் சோப்பு நுரை பூசி, அது வெடிக்காமல் வழிக்கச் சொன்னார். ஏழெட்டு பலூன் வெடித்தது. அறுபது வயதில் சலூனுக்குள் நின்று பலூன் வழிக்கும் டீச்சரைப் பார்த்து என் பழைய மாணவர்கள் சிரித்தார்கள். மூன்று வாரத்தில் கை படிந்துவிட்டது.

அண்ணனுக்குப் போன் பண்ணினேன். "அடுத்த ஞாயிறு கொண்டு வாறேன்" என்றார். வரவில்லை. மறுபடி பண்ணினேன். பழைய கத்தியைப் பாவிப்பது அதைக் கொல்வதற்குச் சமம் என்று எங்கோ படித்ததைச் சொன்னார். மூன்றாவது தடவை நான் கெஞ்சினேன்.

"ஒரே ஒரு தடவ, அண்ணே. வழிச்சிட்டு அன்னைக்கே நானே கொண்டாந்து தாறேன்."

"நீ அவரு கழுத்த வெட்டிட்டா யாரு பதில் சொல்றது?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அந்த மழைக்காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். ஒரு காலை நான் போனபோது, ஆக்சிஜன் மாஸ்க் ஒட்ட வேண்டும் என்று தாடியை வழித்திருந்தார்கள், பிளாஸ்டிக் ரேசரால். தாடைக்குக் கீழே ஒரு திட்டு அப்படியே நின்றது. அப்பா விரலால் அந்தத் திட்டைத் தடவியபடியே இருந்தார். இரண்டு நாளில் போய்விட்டார்.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து ஹாலில் வைத்தோம். அண்ணன் வரும்போது ஒரு மரப்பெட்டியோடு வந்தார். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் பெட்டியைத் திறந்து வைத்தார், அட்டையோடு. வந்தவர்கள் கும்பிட்டுவிட்டு அட்டையை வாசித்தார்கள். ஒருவர் போனில் படமும் எடுத்தார்.

நான் எழுந்து போய்க் கத்தியை எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. ஒரு சிரட்டையில் தண்ணீரும் சோப்பும் எடுத்துவந்து, அப்பாவின் தாடைக்குக் கீழே அந்தத் திட்டில் தடவினேன். தோலை இழுத்துப் பிடித்து, நானா காட்டிய சாய்வில் கத்தியை வைத்து வழித்தேன். நுரை மட்டும் வந்தது. மறுபடி வழித்தேன். ஒரு முடிகூட வெட்டுப்படவில்லை. கத்தியின் கூர்ப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். கரண்டிக் காம்பு மாதிரி மழுங்கி, வழுவழுவென்று இருந்தது.

"என்னா செஞ்சீங்க இத?" என்று அண்ணனைக் கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "கொண்டுபோன மாசமே மெஷின்ல பாலிஷ் போட்டு வார்னிஷ் அடிச்சுட்டேன். துருப் பிடிக்காம இருக்க. இனிமே வெட்டாது."

அப்படியென்றால் நான் மூன்று தடவை போன் பண்ணியபோதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவின் கழுத்தைப் பற்றிய பயமெல்லாம் பொய். கத்தியைக் கெடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் நானாவின் கத்தியால் செய்கிறேன் என்று அப்பாவிடம் பேசிப் பார்த்திருப்பேன். ஒருவேளை சம்மதித்திருப்பார். இல்லாமலும் இருந்திருக்கலாம். அதைக் கேட்டுப் பார்க்கும் வாய்ப்பையும் அண்ணன் ஷோகேஸில் பூட்டிவிட்டார்.

 அப்பாவின் தாடையைத் துடைத்துவிட்டு, கத்தியை ஈரத்தோடு அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் அவசரமாகக் கைக்குட்டையை எடுத்து முதலில் கத்தியைத் துடைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தத் திட்டோடுதான் அப்பாவை எடுத்தார்கள்.

பாவித்தால் தேயும் என்று அண்ணன் சொன்னது உண்மைதான். ஐம்பது வருசத்தில் அப்பா அதை நகக்கண் அளவு தேய்த்திருப்பார். அப்படியும் அது காகிதத்தை வெட்டியது. அதைச் சாகடிக்க அண்ணனுக்கு ஒரு பகல் போதுமாக இருந்தது. ஆனால் அன்றைக்கு, "அதுவும் சரிதானே" என்று சொன்ன வாய் என்னுடையது. அண்ணனைத் திட்டும்போதெல்லாம் அதையும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன்.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு பல்லேகலப் பக்கம் நான் போகவில்லை. அண்ணன் மகளின் கல்யாணத்துக்கும் போகவில்லை. போன மாதம் அண்ணி போன் பண்ணினார்.

"ஏன் இந்தப் பக்கமே வாறீங்க இல்ல? உங்க அண்ணன் வெளிய சொல்லமாட்டாரு, ஆனா மனசு கஷ்டப்படுறாரு."

"முழங்கால் வலி, அண்ணி. பஸ் ஏற முடியல" என்றேன்.

முழங்கால் வலிப்பது உண்மை. அன்று பின்னேரம் கண்டிக்கு பஸ் ஏறிப் போய், மார்க்கெட்டில் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தேன்.