என் ஓரகத்தியின் சிவப்புக் கொழுக்கட்டை

வெந்த கொழுக்கட்டைகளில் முதலாவதை அவளே தின்றுவிடுவாள். ஆறட்டும் என்கிற பொறுமையெல்லாம் கிடையாது. ஆவி பறக்கும் பாத்திரத்துக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து, இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றிப் போட்டு, வாயைப் பாதி திறந்தபடி ‘ஹா ஹா’ என்று ஊதிக்கொண்டே மெல்லுவாள். மாமியார் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் இதே கதைதான். “செஞ்சவ நாக்கு முதல்ல ஒத்துக்கணும்க்கா. அப்புறம்தான் மத்தவங்க நாக்கு” என்பாள். இந்த வீட்டுக்கு வந்த பதினான்கு வருஷத்தில் நான் அடுப்படியில் நின்று ஒரு பருக்கை வாயில் போட்டதில்லை.

அவள் என் ஓரகத்தி, கணவரின் தம்பி மனைவி. மாடியில் நாங்கள், கீழே அவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஹோட்டலின் சமையற்கட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தவள். அங்கே அமெரிக்காவின் லூசியானா பக்கத்திலிருந்து வந்த சமையல்காரர் ஒருவர் இருந்தாராம். அவரைப் ‘பெரிய தொப்பி’ என்றுதான் சொல்வாள். அவர் ஊர்ச் சமையலுக்குக் கேஜன் என்று பெயர். அதைக் கொண்டுவந்து நம் கொழுக்கட்டைக்குள் அடைத்துவிட்டாள்.

வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் ஒரே அளவாகப் பொடிப்பொடியாக நறுக்குவாள். “இதுங்க மூணும் அக்கா தங்கச்சிங்க. ஒண்ண விட்டுட்டுக் கூப்பிட்டா மத்த ரெண்டும் கோவிச்சுக்கும்.” பிறகு பூண்டு, தைம், ஓரிகானோ என்கிற காய்ந்த இலைகள், நிறத்துக்கு ஒரு மிளகாய்த்தூள், உறைப்புக்கு இன்னொரு மிளகாய்த்தூள், அரிந்த இறால். எல்லாம் வெந்து வந்ததும் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டித் தேங்காய்த் துருவலைச் சேர்ப்பாள். மேல்மாவு கிளறவும் வெறும் வெந்நீர் கிடையாது, இறால் ஓட்டை வேகவைத்து வடித்த தண்ணீர். அந்த வாசனை படியேறி வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

பார்வைக்கு ஒன்றுமில்லை. இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. சரி, பொறாமையில்தான் சொல்கிறேன். என் கொழுக்கட்டையின் மடிப்புகள் எண்ணி வைத்ததுபோல இருக்கும். அவளுடையது அவசரத்தில் கட்டிய சலவை மூட்டை. ஆனால் என் கொழுக்கட்டைக்குப் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருகிற மாமியார், அவளுடையதற்கு அதைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்கிறார். என் மகள் தட்டைப் பார்த்ததும், “சித்தி செஞ்சதா, நீ செஞ்சதாம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறாள். என் கணவரோ விரலைச் சூப்பினார். நான் சமைத்துப் போட்ட இத்தனை வருஷத்தில் அந்த விரல் அவர் வாய்ப்பக்கம் போய் நான் பார்த்ததில்லை.

வீட்டோடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். அடுத்த தெருவில் ஓர் அலுவலகக் கேன்டீன் இருக்கிறது. ஆறு வருஷமாக அங்கே நாலு மணிக்கு என் தேங்காய்ப் பூரணக் கொழுக்கட்டைதான். என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் நான் ‘கொழுக்கட்டை அக்கா’. லிஃப்டில் பார்த்தால்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள், எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். கவுண்டரில் ஆவிப்பெட்டி ஒன்றே ஒன்று, அதில் ஒரு வகைக்குத்தான் இடம். போன வாரம் மேனேஜர் சிரித்துக்கொண்டே, “உங்க வீட்லயே இன்னொருத்தங்க பிரமாதமா செய்றாங்களாமே? வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கொண்டு வரச் சொல்லுங்கக்கா. எல்லாருக்கும் புடிச்சிருந்தா இனிமே அதையே வெச்சுக்கலாம்” என்றார். அதை நானே என் வாயால் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை மதியம் உதவிக்கு என்று சொல்லிக்கொண்டு கீழே இறங்கினேன். வேவு பார்க்கத்தான். அவள் ‘ரூ’ கிண்டிக்கொண்டிருந்தாள். மைதாவை எண்ணெயில் போட்டுச் சிறுதீயில் முக்கால் மணி நேரம் கை எடுக்காமல் கிண்டி, காப்பி டிகாக்‌ஷன் நிறத்துக்குக் கொண்டுவருவதற்குத்தான் அந்தப் பெயர். பூரணத்தைச் சேர்த்துப் பிடிப்பது அதுதான், எல்லோரும் விரல் சூப்புகிற ருசியும் அதில்தான் இருக்கிறது. அடியில் பிடித்துக் கறுப்புப் புள்ளி கிளம்பிவிட்டால் அத்தனையும் கசந்துபோகும், கொட்ட வேண்டியதுதான்.

அவள் மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தது. கீழ்வீட்டில் சிக்னல் சரியாக இருக்காது; மணி அடிக்கும், பேச்சு கேட்காது. வாசலுக்குத்தான் போக வேண்டும். “அக்கா, ஒரு நிமிஷம். நிறுத்தாம கிண்டுங்க” என்று கரண்டியை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

கிண்டினேன். நல்ல நிறம் வந்துகொண்டிருந்தது, நல்ல மணம். பார்க்கப் பார்க்க, ஆவிப்பெட்டிக்குப் பக்கத்தில் அவள் நிற்பதும், ‘கொழுக்கட்டை அக்கா’ என்று யாரோ அவளைக் கூப்பிடுவதும் கண்முன்னால் ஓடியது. கை தானாக நின்றுவிட்டது என்று எழுதலாம். அது பொய். நிறுத்தினேன். ஓரத்தில் ஒரு புள்ளி எழும்பியது, பிறகு மிளகு தூவியதுபோல நிறைய. அதற்கப்புறம் மூச்சு வாங்க வாங்கக் கிண்டினேன், ஏதோ காப்பாற்றுகிறவள்போல.

“ஒண்ணுமில்லக்கா, ஏதோ ஃபார்ம்ல கையெழுத்து போடலயாம். அதுக்குள்ள என் உயிரே போயிடுச்சு” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் வாணலியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கரண்டி நுனியை ஊதி ஊதி நாக்கில் வைத்தாள். அடுப்பை அணைத்தாள்.

“தீ ஜாஸ்தியா இருந்துச்சோ என்னமோ” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், அதற்குத் தயாராகத்தான் நின்றேன். எல்லாவற்றையும் வழித்துக் கொட்டினாள். வாணலியைத் தேய்த்துக் கழுவித் துடைத்து, மறுபடி எண்ணெய் ஊற்றி, மாவைப் போட்டுக் கிண்டத் தொடங்கினாள். அப்போதே மணி மூன்றை நெருங்கியிருந்தது. வேர்வை அவள் மூக்கு நுனியில் திரண்டு நின்றது.

அலமாரியில் நான் வைத்திருந்த என் ஃபோன் அடித்தது. எட்டிப் பார்த்தேன், கேன்டீன் மேனேஜர்.

“நாலே முக்காலாயிடும்னு சொல்லிடுங்கக்கா” என்றாள், வாணலியிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஏன் லேட்டுன்னு கேட்டா, நான்தான் கருக்கிட்டேன்னு சொல்லுங்க. வாசலுக்குப் போய்ப் பேசுங்க, இங்க கேக்காது.”

சொல்லிவிட்டு, கரண்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையால் ஃபோனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.